பெட்டிக்கு உள்ளே சமஷ்டி, வெளியே நகரசபை

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி அறைந்திருக்கிறது. மேலே தூக்கித் திறக்கிற மூடி, முன்பக்கம் கடிதம் தள்ளுகிற வாய். மொன்றியலில் நான் வெறுக்கிற பொருட்களை வரிசைப்படுத்தச் சொன்னால், மார்ச் மாதத்துச் சேற்றுப் பனியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு இந்தப் பெட்டியை முதலில் வைப்பேன். மனிதர்களை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நானும் எங்கேயோ மேலே வந்துவிடுவேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒருவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. பெயர்களை எழுதப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது.

வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, பல்கலைக்கழகம் போகிற மகள், கணவனை இழந்த என் அக்கா, நிலக்கீழ் அறையில் மனைவியின் தம்பி. ஐந்து பேரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குளியலறைக்காகக் காலையில் சண்டை பிடித்து வாழ்கிறோம். குடும்பம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். சட்டத்துக்கு அது போதாது.

சிக்கல் எங்கள் பெயர்களில் இருந்தது. எனக்குக் கடைசிப் பெயராக இருப்பது என் அப்பாவின் பெயர். மனைவிக்கு அவளுடைய அப்பாவின் பெயர். கலியாணம் கட்டினாலும் பெண் பிறந்தபோது இருந்த பெயரோடுதான் இருக்க வேண்டும் என்பது இந்த மாகாணத்துச் சட்டம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. மகளுக்கு, எங்கள் வழக்கப்படி, என் சொந்தப் பெயர் கடைசிப் பெயர். அக்காவுக்கு அத்தானின் பெயர்; அதை அவ ஊரிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்டா. மச்சானுக்கு நியாயப்படி மனைவியின் கடைசிப் பெயர்தான் இருக்க வேண்டும். ஆனால் அவன் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் யாரோ ஒரு அதிகாரி முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் போட்டுவிட்டார். அதனால் வேலையிடத்தில் எல்லோரும் அவனை என் மாமனாரின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், திட்டுகிறார்கள். மாமனார் உயிரோடு இருந்திருந்தால் அந்தத் திட்டில் பாதியை நான் மனமார வழிமொழிந்திருப்பேன்.

ஆக, ஐந்து பேருக்கு ஐந்து கடைசிப் பெயர்கள். இது எங்களுக்கு ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை.

அக்கா ஒரு கார்டெரியில் சமையல் செய்தா. சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகிற இடம். கரண்டி பிடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பருப்புச் சூப்பை அறிமுகப்படுத்திய பெருமை அவவுக்கு உண்டு. இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டு வந்தது. ஒருநாள் சூப்புக்குள் இருந்து பிளாஸ்டிக் உறையின் ஒரு துண்டு எடுத்தார்கள். நல்ல வேளை, பிள்ளையின் வாய்க்குப் போகுமுன்னர். பொறுப்பாளர் அம்மா நல்ல மனுஷி, சத்தம் போடவில்லை. கண்ணைச் சரிசெய்துகொண்டு வாருங்கள், கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வரும்வரை உங்கள் இடத்தை வைத்திருப்பேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்று சொல்லி அனுப்பினா.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைப் பட்டியலில் அக்காவின் பெயர் ஏறியது. கோடையிலேயே செய்துவிடலாம், திகதியைக் கடிதத்தில் அனுப்புவோம், வந்தவுடன் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். அக்கா அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு மனதில் பதித்துக்கொண்டா. அன்றிலிருந்து அவவுக்கு உலகத்தில் இரண்டு காரியங்கள்தான் இருந்தன: கடிதம் வர வேண்டும், பிள்ளைகள் திரும்பி வருமுன்னர் வர வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தபாலகத்தில் இருந்து ஒரு அட்டை வந்தது.

எங்கள் தெருவுக்கு வழக்கமாகக் கடிதம் கொண்டுவருகிற பெண்ணுக்கு எங்களை எல்லாம் தெரியும். மூடியைத் தூக்கி, கடிதக் கட்டை உள்ளே வைத்து, மூடியை மெதுவாக இறக்கிவிட்டுப் போகிற மனுஷி. அட்டையைக் கையில் தந்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. மேலிடத்தில் யாரோ கணக்கெடுத்தார்களாம். ஒரே முகவரிக்குப் பலவிதமான பெயர்களில் கடிதம் போகிற வீடுகளில் பெட்டியில் எல்லாப் பெயர்களையும் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டாத பெயருக்கு வருவது அனுப்பினவருக்கே திரும்பிப் போகும். தன்னைப் பொறுத்தவரை பரவாயில்லை, ஆனால் தான் லீவில் போனால் வருகிறவருக்குத் தெரியாதே என்றாள்.

நியாயமான பேச்சு. நான் மறுநாளே வேலையிடத்து இயந்திரத்தில் ஒரு பலகை அச்சடித்தேன். வெள்ளையில் கறுப்பு எழுத்து. ஐந்து பெயர் போட்டால் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆள் இருப்பது ஒரு இடம், முக்கியமான கடிதம் வருவது வேறு இடம். இந்த நகரத்தில் ஜூலை முதலாம் திகதி பாதிப்பேர் கட்டிலையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு வீடு மாறுகிறார்கள். எங்கள் ஆட்கள் அதில் முன்வரிசை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரசாங்கத்துக்கு முகவரி அறிவித்துக்கொண்டிருக்க ஆருக்கு நேரம். அதனால் சொந்தமாக வீடு வாங்கி அசையாமல் கிடக்கிற ஒரு சொந்தக்காரனின் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். நான் வீடு வாங்கிய கிழமையே எனக்குத் தெரியாமல் ஒரு கிளைத் தபாலகமாகப் பதவியேற்றிருந்தேன். லாசாலில் அடுக்குமாடிக்கு அடுக்குமாடி தாவுகிற என் ஒன்றுவிட்ட தம்பி, அவனுடைய மனைவி, மச்சானோடு முன்பு ஒரே அறையில் இருந்த இரண்டு பேர், ரொறன்ரோவுக்குப் போய் வருஷக்கணக்கான பின்னும் வரிக் கடிதத்தை மட்டும் எங்கள் வீட்டில் குடியிருத்தியிருக்கிற ஒருவர், ஆரென்று எங்கள் ஒருவருக்கும் சரியாக நினைவில்லாத இன்னொருவர். அவர்களை விட்டுவிடலாமா என்று கேட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் அகதி விண்ணப்பங்களை நிராகரிக்கிற அதிகாரியாக மாறியிருந்தேன்.

பதினொரு பெயர். பலகை பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாகப் போய்விட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் போரில் இறந்தவர்களுக்கு எழுப்பிய நினைவுக்கல் மாதிரி இருந்தது. பெயர்களுக்கு மொழி இல்லை என்பதால், பலகை என்றால் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்கிற இந்த மாகாணத்து மொழிச்சட்டம் மட்டும் எங்களை விட்டது.

நகரசபைப் பரிசோதகர் எங்களுக்காக வந்தவர் அல்ல. பக்கத்து வீட்டு வேலியின் உயரத்தை அளக்க வந்தவர். அளந்துவிட்டுத் திரும்புகிற வழியில் எங்கள் பலகையைப் பார்த்தார். நின்றார். உதட்டை அசைத்து எண்ணினார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றில் முடித்துவிட்டு எங்கள் கதவைத் தட்டினார்.

போன்ஷூர் என்று வணக்கம் சொன்னார். மிகவும் மரியாதையான ஆள், அதுதான் தாங்க முடியவில்லை. இந்தத் தெருவில் ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம், அறை அறையாக வாடகைக்கு விட அனுமதி இல்லை, உங்கள் வீட்டில் பதினொரு குடும்பங்கள் இருப்பதாகத் தெரிகிறது என்றார். நான் சிரித்தேன். அது என் முதற்பிழை. அதிகாரியின் முன் தமிழன் சிரித்தால் அதைக் குற்ற ஒப்புதலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதை அரை நூற்றாண்டு வாழ்ந்தும் நான் படிக்கவில்லை.

பிறகு விளக்கினேன். என் பிரெஞ்சு வேலைத்தளத்தில் பொறுக்கியது. பெட்டி தூக்கவும் விடுப்புக் கேட்கவும் போதும், வம்சாவளி விளக்கப் போதாது. தகப்பனின் பெயர் பிள்ளைக்குப் பின்னால் வரும், என் பெயர் என் மகளுக்குப் பின்னால் வரும், ஆகவே எனக்கும் மகளுக்கும் வேறு வேறு பெயர், ஆனால் அவள் என் மகள்தான். மனைவியின் தம்பிக்கு மனைவியின் பெயர் இல்லை, அது ஒரு அதிகாரியின் பிழை. அவர் கையில் இருந்த சாதனத்தில் எழுதிக்கொண்டே வந்தார். எனக்குப் பின்னால் வந்து நின்ற அக்காவையும் மனைவியையும் பார்த்தார். அக்கா தேத்தண்ணி வைக்கட்டுமா என்று கேட்கச் சொன்னா. பணியில் இருக்கும்போது எதையும் வாங்கக் கூடாதாம்.

"அப்படியென்றால் இந்தக் குடும்பத்தின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"அப்படி ஒன்று இல்லை."

"பெயர் இல்லாவிட்டால், இது ஒரு குடும்பம் என்று உங்களுக்கே எப்படித் தெரியும்?"

"சண்டை பிடிக்கிறோமே," என்றேன்.

அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. நான் சொன்னதிலே உருப்படியானது அது ஒன்றுதான்.

பின்னால் வந்த அறிவித்தலில் இரண்டு குற்றங்கள் இருந்தன. வீட்டின் முகப்பில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட அறிவிப்புப் பலகை. அனுமதியின்றி அறைகளை வாடகைக்கு விடுவதாகச் சந்தேகம். பலகையைக் கழற்றி, ஒரு குடும்பம் வசிப்பதை மட்டும் காட்டும் விதமாக மாற்றினால், இரண்டாவதை மேலே கொண்டுபோகத் தேவை இராது. கழற்றாவிட்டால் தண்டம்.

நான் தொலைபேசியைத் தூக்கினேன். தபாலகத்தில் ஒரு குரல், நகரசபை விதிகள் எங்களைக் கட்டுப்படுத்தாது, நாங்கள் முழு நாட்டுக்குமான சமஷ்டி அரசின் கீழ், பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பும் என்றது. நகரசபையில் ஒரு குரல், சமஷ்டி அரசுக்கு எங்கள் முகப்புகளில் வேலை இல்லை, பலகை இருந்தால் தண்டம் வரும் என்றது. இரண்டு குரலும் இனிமையானவை. இரண்டுமே முடிவில் வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டன.

எங்கள் தலைமுறை ஊரில் தமிழருக்குச் சமஷ்டி வேண்டும் என்று கேட்டே வளர்ந்தது. மேடை போட்டுக் கேட்டோம், சுவரில் எழுதிக் கேட்டோம், கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது இப்படித்தான் இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மேலே ஒரு அரசாங்கம், கீழே ஒரு அரசாங்கம், இரண்டுக்கும் நடுவில் சுவரில் தொங்குகிற ஒரு தகரப் பெட்டி. அதற்காகத்தானா அவ்வளவு தொண்டை கிழியக் கத்தினோம் என்று ஒரு இரவு மனைவியிடம் கேட்டேன். நீங்கள் எப்ப கத்தினீங்கள், கூட்டத்துக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் படம் பாக்கப் போன ஆள்தானே என்றாள். உண்மை.

இரண்டு பக்கத்துச் சட்டங்களையும் இணையத்தில் இறக்கி வாசித்தேன். நல்ல உரைநடை வாசித்துப் பழகியவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வம் நான்காம் பக்கத்தில் செத்தது. கீழ்த்தளத்தில் கூட்டம் கூடினோம். பியர்பொன்ட்ஸில் இருக்கிற, சட்ட அலுவலகம் ஒன்றில் தட்டச்சுச் செய்கிற நண்பரைப் போனில் பிடித்துக் கேட்டேன். அவர் வாதத்தை அழகாக எடுத்து வைத்தார்: தபால் என்பது மத்திக்கு உரியது, அதில் நகரசபை கைவைக்க முடியாது, ஆனால் வீட்டு முகப்பு நகரசபைக்கு உரியது, அதில் தபால் கைவைக்க முடியாது. நீதிமன்றத்துக்குப் போனால் சுவாரசியமான வழக்கு என்றார். சுவாரசியம் அவருக்கு.

அப்போதுதான் மச்சான் வாய் திறந்தான். அவன் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

"அத்தான், வெளியிலை அவங்கடை சட்டம். பெட்டிக்குள்ளை இவங்கடை சட்டம். பேரெல்லாத்தையும் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுவம். அந்தப் பொம்பிளை மூடியைத் தூக்கித்தானே வைக்கிறா."

அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு வழக்கறிஞரும் சொல்லாத தீர்வு. பதினொரு பெயரையும் சின்ன எழுத்தில் அச்சடித்து, நனையாதபடி பிளாஸ்டிக் ஒட்டி, மூடிக்கு உள்ளே ஒட்டினோம். நகரசபைக்காக வெளியே ஒரு சின்னப் பலகை: பிரெஞ்சில் 'குடும்பம்' என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரேயொரு பெயர்.

எந்தப் பெயர் என்பதில் ஒரு சின்னத் தகராறு நடந்தது. மனைவி தன் தகப்பன் பெயரைப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். அக்கா, வீடு ஆற்றை பேரிலையோ அவன்ரை பேரைப் போடுங்கோ என்று முடித்துவைத்தா. எங்கள் ஆட்கள் ஒரு குடும்பத்தை அடையாளம் சொல்வது இன்னார் வீடு என்றுதான். அந்த இன்னார் என்பது வீட்டுக்காரனின் சொந்தப் பெயர். ஆகவே என் சொந்தப் பெயரைப் போட்டோம். ஐந்து பேரில் ஒருவருக்காவது இது உறைக்கவில்லை. இந்த நாட்டுக் கணக்கில் அந்தப் பெயரைக் கடைசிப் பெயராகக் கொண்டவர் வீட்டில் ஒரே ஒருவர்தான், என் மகள். கடிதத்தில் இருக்கிற கடைசிப் பெயரையும் பலகையையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஒருவனுக்கு, அந்த வீட்டின் சொந்தக்காரனான நானே அங்கு குடியில்லை.

பரிசோதகர் வந்தார், சின்னப் பலகையைப் படமெடுத்தார், மேர்சி என்று நன்றி சொன்னார். தபால்காரப் பெண் மூடியைத் தூக்கினாள், உள்ளே வாசித்தாள், சத்தமாகச் சிரித்தாள். சில கிழமைகள் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். இரண்டு அரசாங்கங்களை ஒரு தகர மூடியால் பிரித்து வைத்த ராஜதந்திரி என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன். யோசனை மச்சானுடையது என்பதைக் கூடச் சில இடங்களில் சொல்லாமல் விட்டேன்.

ஜூலைக் கடைசியில், மாகாணம் முழுக்கக் கட்டட வேலைக்காரர் லீவில் போகிற கிழமைகளில், அந்தப் பெண்ணும் லீவில் போனாள். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு ஒரு இளைஞன் வந்தான். அவன் மூடியைத் தூக்குகிறவன் அல்ல. முன்பக்க வாயால் தள்ளிவிட்டுப் போகிறவன். முகப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவனுக்குச் சட்டம். சொல்லிக்கொடுத்தபடி செய்தான், அவனில் நான் குற்றம் காண முடியாது, அதற்காக மனம் காணாமலும் விடவில்லை.

எங்களுக்கு உடனே தெரியவில்லை. கடிதம் குறைந்தது, அவ்வளவுதான். கோடையில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்று நினைத்தோம். கட்டணச் சீட்டுகள் வராததில் எனக்கு ஒரு மெல்லிய சந்தோஷம்கூட இருந்தது. ஆனால் பெட்டி வெறுமையாக இருக்கவில்லை, அதுதான் எங்களை ஏமாற்றியது. பீட்சா விளம்பரம், கூரை திருத்துகிறவனின் அட்டை, பல் வைத்தியர் சிரிக்கிற தாள், எல்லாம் தவறாமல் வந்தன. அவற்றில் ஒருவருடைய பெயரும் இல்லை. குடியிருப்பவருக்கு என்றுதான் இருக்கும். பெயர் இல்லாத குப்பையைத் தடுக்க இரண்டு அரசாங்கத்திடமும் ஒரு சட்டமும் இல்லை.

அக்கா ஒவ்வொரு மத்தியானமும் வாசற்படியில் போய் இருப்பா. அவன் போனவுடன் பெட்டிக்குள் கையை விட்டு, கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு யன்னல் வெளிச்சத்துக்கு வருவா. தாளை மூக்குக்குக் கிட்ட வைத்து, சரித்து, திருப்பிப் பார்ப்பா. பெரிய எழுத்து மங்கலாகத் தெரியும், சின்னது தெரியாது. பிறகு மனைவியிடம் நீட்டுவா. பிள்ளை, இது என்னெண்டு ஒருக்காப் பார். மனைவி பார்த்துவிட்டு, இது பீட்சா மச்சாள் என்பாள். பலநாள் இதே உரையாடல். ஒருநாள் மனைவி தாங்க முடியாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற சாட்டில் அடுக்களைக்குள் நின்றுவிட்டாள்.

உண்மை லாசாலில் இருந்து வந்தது. ஒன்றுவிட்ட தம்பி கோபத்தோடு போன் எடுத்தான். அவனுடைய ஏதோ ஒரு அரச அட்டை, இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை என்ற முத்திரையோடு அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்விட்டதாம். எங்களை நம்பினதுக்கு இதுவும் வேணும் இன்னமும் வேணும் என்றான். முத்திரை என்ற சொல்லைக் கேட்டவுடன் நான் அக்காவைத்தான் பார்த்தேன். அவ யன்னலடியில் கூரை திருத்துகிறவனின் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தா.

மறுநாள் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பேருந்தில் அவ மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தா.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்துச் சொன்னாள். கடிதம் அனுப்பினோம். ஆளைத் தெரியாது என்று திரும்பி வந்தது. தொலைபேசியிலும் ஒருதரம் முயன்றோம், எடுக்கவில்லை. அதுவும் உண்மையாக இருக்கும். இலக்கம் காட்டாத அழைப்பு எல்லாம் களவுக்காரர் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். திகதி அந்தக் கிழமையேதான் கடந்திருந்தது. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. பட்டியலில் திரும்பவும் சேர்க்கலாம், ஆனால் இலையுதிர் காலத்துக்கு முன்னர் இடமில்லை.

நான் பேசினேன். மூடி, பலகை, சமஷ்டி, நகரசபை, மாற்றுத் தபால்காரன் என்று என் வேலைத்தளப் பிரெஞ்சில் முழுக்கதையையும் சொன்னேன். அந்தப் பெண் கேட்டாள், பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அது தபாலின் விஷயம், எங்களுடையது அல்ல என்றாள். அது சரி. தபாலைக் கேட்டால் அது பலகையின் விஷயம் என்பார்கள். அதுவும் சரி. பலகையைக் கேட்டால் அது சின்னதாகவும் அழகாகவும் விதிக்கு அமையவும் இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்தது கோபம் அல்ல. கோபத்துக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். கெட்டுப்போன பாலை மணந்தவுடன் வருமே ஒரு குமட்டல், அது.

அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினா.

"விடு தம்பி. ஒருத்தரிலையும் பிழையில்லை எண்டுதானே எல்லாரும் சொல்லீனம். அப்ப என்ரை கண்ணிலைதான் பிழை."

அவ அதைப் பகிடியாகச் சொன்னாவா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. புதிய இடத்துக்குப் பெயரைப் பதியச் சொன்னா. கடிதம் அனுப்ப வேண்டாம், கிழமைக்கு ஒருக்கா நானே வந்து கேக்கிறன் எண்டு சொல்லு என்றா. நான் சொன்னேன். அப்படி ஒரு நடைமுறை இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். அக்கா அப்படியொரு நடைமுறையை உண்டாக்கினா. திங்கட்கிழமை தோறும் மகளோ மச்சானோ கூட்டிப்போக, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றா. மூன்றாம் திங்களுக்குப் பிறகு அவவைக் கண்டவுடனேயே அந்தப் பெண் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டாளாம், இன்னும் இல்லை என்று.

பிள்ளைகள் கார்டெரிக்குத் திரும்பினார்கள். பொறுப்பாளர் அம்மா தானே போன் எடுத்துப் பேசினா. அழுவாப் போல இருந்தது என்று மகள் சொன்னாள். பிரெஞ்சை அக்காவுக்குத் தமிழாக்கியது அவள்தான். புதிதாக ஒருத்தியை எடுத்தாகிவிட்டது. சொன்னபடிதான் செய்தா, அவவிலும் பிழை இல்லை. பிழை இல்லாதவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. எனக்கு வெறுத்துப் போச்சு. நல்லவர்களால் மட்டுமே நடத்தப்படுகிற ஒரு அரியண்டத்தை அதுவரை நான் கண்டதில்லை. ஊரில் எங்களைக் கஷ்டப்படுத்தியவர்கள் அதைச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார்கள். வைதுவிட்டுத் தூங்கலாம். இங்கே ஆரை வைவது.

தபால்காரப் பெண் லீவு முடிந்து வந்தபோது நான் படியில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகம் சிவந்துபோனது. மேலிடத்தோடு தான் கதைப்பதாகச் சொன்னாள். கதைத்தும் இருக்கிறாள். பிறகு ஒருநாள் தபாலில் இருந்து ஒரு கடிதம் வந்தது: முகவரி சரியாக இருந்தால் பெயர் பெட்டியில் இல்லாவிட்டாலும் கடிதம் கொடுக்கப்படும், பெயர் ஒட்டுவது ஒரு ஆலோசனை மட்டுமே, ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். வெறும் ஆலோசனையாம். அந்த ஆலோசனைக்காகப் பலகை செய்து, அந்தப் பலகைக்காகப் பரிசோதகரிடம் மாட்டி, அவருக்காக அதைக் கழற்றி, மூடிக்கு உள்ளே ஒரு அரசாங்கமும் வெளியே ஒரு அரசாங்கமும் அமைத்து, கடைசியில் அக்காவின் இடத்தை ஆரோ ஒருவருக்குத் தாரைவார்த்தோம். அந்த ஆரோ ஒருவர் இப்போது நன்றாகப் பார்க்கிறார் என்று நம்புகிறேன். அவரிலும் பிழை இல்லை.

அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள், "இஞ்சாருங்கோ, அதைக் கிழிச்சுப் போட்டுடாதேங்கோ, பேந்து ஆரும் கேட்டால் காட்டலாம்," என்றாள். ஆரும் கேட்கவில்லை.

இலைகள் எல்லாம் கொட்டிய பிறகு, ஒரு திங்கட்கிழமை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தலையை ஆட்டாமல் ஒரு துண்டில் திகதியை எழுதிக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினாள். அது அவளுடைய நடைமுறையில் இல்லாத காரியம். முதலில் வலக்கண், பிறகு சில கிழமைகள் விட்டு இடக்கண்.

இரண்டாவது கண்ணின் கட்டும் அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று அக்கா அடுக்களை மேசையில் இருந்து நாலு பக்கமும் பார்த்தா. அடுப்புக்கு மேல் சுவர், அலுமாரிக் கதவு, தொலைக்காட்சியின் பின்பக்கம். இந்த வீட்டை இவ்வளவு காலமும் ஆர் துடைச்சது என்று கேட்டா. நான்தான் என்றேன். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. உனக்கும் நல்லா வயசு போட்டுது தம்பி என்றா. எனக்கு அந்த நாளில் கிடைத்த இரண்டாவது மதிப்பீடு அது.

மறு கிழமையே கார்டெரிக்குப் போனா. போன் எடுக்கச் சொன்னோம், கேட்கவில்லை. இடம் இல்லை, வந்தால் கடிதம் போடுகிறோம் என்று பொறுப்பாளர் அம்மா சொல்லியிருக்கிறா. கடிதம் மட்டும் வேண்டாம், நான் திங்கட்கிழமை வாறன் என்று அக்கா சொல்லிவிட்டு வந்திருக்கிறா. சொன்னபடி போய் நின்றா. அதற்கடுத்த திங்களும் போனா. கடைசியில் கிழமையில் இரண்டு நாள், பாத்திரம் கழுவவும் காய்கறி எடுத்துக் கொடுக்கவும் சேர்த்துக்கொண்டார்கள். அவவின் அடுப்பில் வேறொருத்தி நிற்கிறாள், இளம் பெண், கெட்ட பிள்ளை இல்லை.

சூப்புக்குக் கரட்டைத் தோல் சீவாமல், மண்ணும் சரியாகப் போகக் கழுவாமல் வெட்டிப் போடுகிறாளாம். இப்போது அக்காவுக்கு அது நன்றாகத் தெரிகிறது.